பலாப் பலகையின் பசி

மண்டி மொஹல்லாவில் நாங்கள் குடியிருந்த சந்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால், எதிரே வருகிறவர் யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். ஏறியவர் சும்மா இறங்கிப் போவாரா? உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன வாசம் இது, கருவாடா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். கல்யாணமாகி, தமிழே பேசுகிற மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்த எனக்கு அந்தச் சந்து போதும் போதும் என்கிற அளவுக்குப் பேச்சைக் கொடுத்தது. நான் அதிகம் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ எப்போதோ என்னிடம் சொன்னது. யாராவது ஒன்றைப் புது மாதிரியாகச் சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க அதை வாயில் போட்டுக் கற்கண்டு போல உருட்டிக்கொண்டிருப்பேன். தண்ணீர் மெதுவாக வந்த குழாயைப் பார்த்து ஒரு பெண் "இது தூக்கத்துலே வருது" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு அது தூங்குகிற குழாய்தான்.

கன்னடத்தையும் அங்கேதான் பிடித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். தமிழ்ச் சொல்லின் முதலில் 'ப' இருந்தால் அதை லேசாக ஊதிவிட வேண்டும், கன்னடமாகிவிடும். பால் ஹாலு. பூ ஹூவு. பத்து ஹத்து. பாம்பு ஹாவு. கடைக்காரர் வாயிலிருந்து 'ஹ' வந்தால் நான் மனசுக்குள் 'ப' போட்டுக்கொள்வேன். பெரும்பாலும் சரியான பொருள் கைக்கு வந்துவிடும். என் மகளுக்குக் கன்னடம்தான் முன்னால் வரும், தமிழ் பின்னால் வரும். "அம்மா, நீ ஊதி ஊதியே கன்னடா பேசறே" என்று சிரிப்பாள். சிரிக்கட்டும். ஊதித்தான் நான் குடும்பம் நடத்தினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரிலேயே விஜயநகர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு சைட், அதாவது வீட்டுமனை, அமைந்து, சின்னதாக ஒரு வீடும் எழும்பிக் குடிபோனோம். அகலமான தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட்டு, கேட்டுக்குப் பின்னால் ஸ்கூட்டரோ காரோ. சம்பளக்காரர்களும் பென்ஷன்காரர்களும். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் கேட்டு திறக்கும், வண்டி போகும், கேட்டு மூடும். சாயங்காலம் கேட்டு திறக்கும், வண்டி வரும், கேட்டு மூடும். மகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால், நடுவில் இருக்கிற பகல் முழுவதும் வெயிலும் நானும்தான். வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஃபிட்டர். ஒரு நாள் ஷிப்டு முடிந்து வந்து அவர் செருப்பைக் கழற்றும்போது சமையலறையில் என் குரல் கேட்டிருக்கிறது. "யாரு வந்திருக்காங்க?" என்று சந்தோஷமாக உள்ளே வந்தார். நான் குக்கரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"குக்கரு என்ன சொல்லுது?"

"அதுவாவது நான் பேசினா விசிலு குடுக்குதுங்க. இந்தத் தெருவிலே அது கூட இல்ல."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்: பகலில் பேச ஓர் ஆள். "அந்தச் சந்துக்கே திரும்பிப் போயிரலாமுங்களா?" என்றுகூட ஒரு தடவை கேட்டுவிட்டேன். "கட்டின வூட்டை உட்டுட்டா?" என்றார். அதோடு பேச்சு நின்றது. நினைப்பு நிற்கவில்லை.

எங்கள் சைட்டின் மூலையில் ஒரு பலாமரம் நின்றது. லேஅவுட் போடுவதற்கு முன்னால் அங்கே யாருடைய தோட்டமோ இருந்திருக்க வேண்டும். தெருவில் சாக்கடைக்குக் குழி வெட்டியவர்கள் அதன் ஒரு பக்கத்து வேரையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். அந்தக் கோடைமழையில், பட்டப்பகலில், மரம் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதா, படுத்தது என்று சொல்வதா? ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். களைத்துப்போன ஒரு பெரிய ஆள் கையை ஊன்றி, இடுப்பைச் சாய்த்து, கடைசியில் 'அப்பாடா' என்று உடம்பைக் கிடத்துவது போல, பக்கத்துக் காலி சைட்டில் இலையும் காயுமாகச் சாய்ந்தது. தரை ஒரு தரம் அதிர்ந்தது. உடனே எல்லாக் கேட்டும் திறந்தது. அப்போதுதான் அந்தத் தெருவில் இத்தனை பேர் இருப்பதே எனக்குத் தெரிந்தது. குடை பிடித்து நின்று பார்த்தார்கள், "சே சே" என்றார்கள். மழை வலுத்ததும் எல்லாக் கேட்டும் மூடிக்கொண்டது.

"விறகுக்குப் போட்டுரலாம்," என்றார் வீட்டுக்காரர்.

"பெஞ்சு பண்ணலாமுங்க."

"வூட்டுலே எங்க இடம் இருக்குது?"

"வூட்டுக்குள்ளாற யாரு போடச் சொன்னா? கேட்டுக்கு வெளிய. தெருவைப் பார்த்து."

"யாரு வந்து உக்காருவா?"

"உக்காரட்டும்னுதானுங்க போடறது."

செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு மாட்டு வண்டிக்குச் சொல்லப் போனார்.

மண்டி மொஹல்லா பக்கம் மரம் அறுக்கும் மில் ஒன்று எங்களுக்குப் பழக்கம். நானும் கூடப் போனேன். பழைய சந்துப் பக்கமும் ஒரு எட்டுப் போகலாமே. அங்கே பலாமரம் ரம்பத்துக்குள் நுழைந்ததைச் சொல்ல வேண்டும். வெளியே கறுத்த சொரசொரப்பான பட்டை. உள்ளே அப்படியொரு மஞ்சள். பலகை பலகையாகப் பிரியப் பிரிய மஞ்சள் தூள் காற்றில் எழும்பி வெயிலில் மிதந்தது. என் புடவை, அவர் மீசை, மில்லுக்காரரின் கண்ணிமை எல்லாம் மஞ்சள். அங்கே நின்ற அந்தச் சிறிது நேரம் உலகத்தில் வேறு நிறமே கிடையாது என்று தோன்றியது.

அறுத்த சூட்டோடு பெஞ்சு செய்துவிடலாம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மில்லுக்காரர் தலையை ஆட்டினார். ஈரத்தோடு செய்தால் காயக் காயப் பலகை முறுக்கிக்கொள்ளும், இணைப்புப் பூட்டெல்லாம் விட்டுப்போகும். நிழலில் அடுக்கிக் காற்றாட வைக்க வேண்டும். எவ்வளவு நாள்? பலகையின் கனம் ஓர் அங்குலம் என்றால் ஒரு வருஷம். எங்களுடையது ஓர் அங்குலத்துக்கும் மேலே.

"நான் பெஞ்சு பண்றேன் சாமி, கோயில் தேரு இல்ல," என்றார் வீட்டுக்காரர்.

அவர் வண்டிக்காரரோடு பேசப் போன நேரத்தில், மில்லுக்காரர் ரம்பச் சத்தத்தின் மேல் என்னைப் பார்த்துக் கத்தினார். கன்னடத்தில்தான். பாதி காதில் விழவில்லை. "அம்மா... ஹசி! ஹசி இதெ! ஹாகே பிடபேடி!" அப்படியே விட்டுவிடாதீர்கள் என்பது புரிந்தது. 'ஹசி'? அதற்குத்தான் என்னிடம் வழி இருக்கிறதே. 'ஹ'வை எடுத்து 'ப'வைப் போட்டேன். பசி. மரம் பசியாக இருக்கிறது.

கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் ஊரில் புது உலக்கை வாங்கினால் எண்ணெய் தடவி வைப்பார்கள். 'குடிக்கட்டும்' என்பார்கள். உலக்கை குடிக்கும் என்றால் பலகைக்குப் பசிக்காதா? வேரறுந்து, படுத்து, துண்டு துண்டாகி வந்திருக்கிறது. பசிக்கும்தான்.

பலகைகளை வீட்டின் பக்கவாட்டில், காலி சைட்டைப் பார்த்த பக்கமாக, தெருவிலிருந்து தெரிகிற மாதிரி அடுக்கினோம். கீழே கல், தரை ஈரம் ஏறாமல் இருக்க. அதன்மேல் பலகைகள், ஒன்றுக்கொன்று இடம் விட்டு. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே விரல் கனத்துக்கு ரீப்பர்க் குச்சிகள், காற்று புகுந்து போக. மேல் குச்சி கீழ்க் குச்சிக்கு நேராக இருக்க வேண்டுமாம், இல்லையென்றால் பலகை தொய்ந்துவிடும். அவர் ஃபேக்டரிக் கண்ணால் ஒற்றைக்கண் மூடிப் பார்த்துப் பார்த்து வைத்தார். உச்சியில் ஒரு பழைய தகரமும் அதன்மேல் கனமான கற்களும். முடித்ததும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். ஜன்னல் ஜன்னலாக வைத்துக் கட்டிய மஞ்சள் வீடு போல இருந்தது. சாயங்கால வெயில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் கோடு கோடாக இறங்கியது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் புங்க எண்ணெயையும் ஒரு துணியையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஊட்ட வேண்டும் என்றால் வாய் எது? அறுபட்ட இரண்டு முனைகள்தானே. துணியை நனைத்து முனையில் ஒற்றினேன். எண்ணெய் உள்ளே போய்விட்டது. மறுபடி ஒற்றினேன். அதுவும் போய்விட்டது. "அடி, எத்தனை நாளாச்சு சாப்பிட்டு?" என்று கேட்டபடியே ஒற்றிக்கொண்டிருந்தேன். நாலைந்து பகல் இப்படிப் போனது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, ஷிப்டுத் தூக்கத்தில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே, "கஞ்சியே ஊத்தினா பசி எப்படி அடங்கும்? கெட்டியா ஏதாச்சும் போடு," என்றார். கரண்டு போகும்போது ஏற்றி மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகள் ஒரு டப்பாவில் இருந்தன. அதை எண்ணெயில் உருக்கிப் பூசினேன். முனையில் வெள்ளையாகத் தங்கியது. வயிறு நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டில் ஒரு பென்ஷன்காரரும் அவர் மனைவியும். அந்த அம்மாவை நான் காலையில் கோலம் போடும்போது பார்ப்பேன். "நமஸ்காரா" என்பேன், "நமஸ்காரா" என்பார். "மளெ பருத்தே," மழை வரும் என்பேன். "ஹௌது," ஆமாம் என்பார். குடிவந்ததிலிருந்து எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். எனக்கு அதற்குமேல் கன்னடம் நீளவில்லை. அவருக்கும் நீட்டத் தோன்றவில்லை. அன்றைக்கு நான் மெழுகுச் சட்டியும் துணியுமாக உட்கார்ந்திருந்தபோது, கேட்டைத் திறந்து தெருவைத் தாண்டி வந்துவிட்டார். பல நாளாகப் பார்த்துப் பார்த்துத் தாங்கவில்லை போலிருக்கிறது. என்ன செய்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த கன்னடத்தில் மரியாதையாகச் சொன்னேன்: "மரக்கெ ஹசிவு அம்மா. ஊட்டா கொடுத்தா இத்தீனி." மரத்துக்குப் பசி, சாப்பாடு கொடுக்கிறேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மரம் அறுத்தவர் யாராவது 'ஹசி' என்று சொன்னாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிரிப்பு முதலில் அவர் தோளில் ஆரம்பித்தது. பிறகு வயிற்றுக்கு இறங்கியது. அடுக்கின் மேல் கையை வைத்துக் குனிந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ராமா! ஹசின்னா பச்சைடி அம்மா! பச்சை மரம், ஈரமா இருக்குன்னான். பசியாம்! சாதம் போடறாளாம்!"

எனக்கு வெட்கம் வரவேண்டிய இடம். வரவில்லை. ஏனென்றால் அந்த அம்மா தமிழில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமுங்களா?"

"தெரியுமாவா? நான் மேல்கோட்டைப் பக்கத்துப் பொண்ணு. ஆத்துலே தமிழ்தான். எங்க தமிழ் வெளிலே யாருக்குப் புரியறதுன்னு பேசறதில்லை. நீ தமிழா? பின்னே எதுக்குடி இத்தனை நாள் ரெண்டு பேரும் மழை வரும், மழை வரும்னு உயிரை வாங்கிண்டோம்?"

தமிழும் கன்னடமும் சேர்ந்து தெரியாத ஒருவருக்கு அந்தத் தப்பு வெறும் தப்பாகத்தான் இருந்திருக்கும். எதிர்வீட்டம்மாவுக்கு அது புரிந்தது. எப்படி அந்தத் தப்புக்குப் போய்ச் சேர்ந்தேன் என்கிற பாதையும் புரிந்தது. அன்று பகல் முழுவதும் அடுக்கின் நிழலில் நின்றே பேசினோம். என்ன பேசினோம் என்று இப்போது ஒன்றும் நினைவில்லை. மெழுகு சட்டியிலேயே உறைந்துபோனது மட்டும் நினைவிருக்கிறது.

விஷயம் மில்லுக்கும் போனது. பூசியதில் கெடுதல் இல்லை என்றாராம் மில்லுக்காரர். முனை வழியாக ஈரம் சட்டென்று ஓடிவிட்டால் பலகை பிளந்துவிடும். அதை அடைக்கத்தான் வேண்டும். வீட்டுக்காரர் இதை என்னிடம் சொன்ன விதம் இருக்கிறதே: "வாயை மூடி வெச்சாத்தான் பிளக்காதாம். கேட்டுக்கிட்டயா?"

"மரத்துக்குச் சொன்னாருங்க. எனக்கில்ல."

எதிர்வீட்டம்மா கதையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. மைசூரில் பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் "ஊட்டா ஆய்தா?" என்று கேட்பார்கள்; சாப்பாடு ஆயிற்றா என்று. கொஞ்ச நாளில் தெருவில் போகிறவர்கள் எங்கள் பக்கவாட்டைப் பார்த்து, "நிம்ம மரக்கெ ஊட்டா ஆய்தா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஸ்கூட்டரை நிறுத்திக் கேட்ட பேங்க் ஆளும் உண்டு. கேட்டவர்கள் கேட்டுவிட்டுப் போவதில்லை. அடுக்கின் அருகில் வந்து, இடைவெளியில் கையை விட்டு, மோந்து பார்த்து, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஒருவர், மரம் காய்கிறபோது உள்ளே மழை பெய்து ஓய்கிற மாதிரி இருக்கும் என்றார். ஒரு பெண் பலகையில் காதை வைத்து, "உள்ள யாரோ நெட்டி முறிக்கறாங்க" என்றாள். நானும் காதை வைத்தேன். உண்மைதான். மத்தியான வெயில் ஏறும்போது எங்கேயோ ஆழத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம்; பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை; பிறகு இன்னொன்று.

அந்தப் பகல்கள் இப்போது எனக்கு ஒரே பகலாகத்தான் தெரிகின்றன. அடுக்கை ஒட்டிப் பாயைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். காற்று ஒரு பக்கம் நுழைந்து பலாச்சுளையின் மங்கிய வாசனையோடு மறுபக்கம் வரும். மஞ்சள் மெல்ல மெல்லத் தேனாகி, தேன் வெல்லமாகிக்கொண்டிருந்தது. என்றைக்கு மாறியது என்று சொல்ல முடியாது. ஒரு குழந்தை வளர்வதை யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா? யாருடைய பேச்சுக் குரலோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். விழித்தால் அதே பேச்சு வேறு குரலில் நடந்துகொண்டிருக்கும்.

ஆடிக்காற்றில் ஒரு நாள் தகரம் கற்களைத் தள்ளிவிட்டுப் பறந்தது. நான் ஓடுவதற்குள் தெருக்கோடியிலிருந்து அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் வந்துகொண்டிருந்தார். தலையில் குரங்குக் குல்லாய், மேலே தகரம், தூறலில் அசைந்து அசைந்து நடை. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத மனிதர். கேட்டில் நின்ற அவர் மனைவி, "பாருடி, எங்காத்து ஜம்பூ சவாரி வர்றது!" என்றார். தசரா யானையே அப்படி வெட்கப்பட்டு நடந்திருக்காது.

பலகை காய்ந்ததா என்று பார்க்க வீட்டுக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். அதே மரத்தில் ஒரு சின்னத் துண்டை அடுக்குக்குள் செருகி, அவ்வப்போது எடுத்து எடை பார்ப்பது. ஈரம் போகப் போக எடை குறையும். குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. தராசுக்கு எங்கே போவது? தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவருகிறவரைப் பிடித்தேன். அவரும் நம் தமிழ் ஆள்தான். ஒரு தட்டில் மரத்தை வைத்து, மறுதட்டில் படிக்கல்லையும் தக்காளியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். கத்தரிக்காய் வாங்க வந்த பெண்களெல்லாம் கழுத்தை நீட்டுவார்கள்.

"அக்கா, போன தடவை அஞ்சு தக்காளி. இப்ப நாலரை. இவ்ளோ ஊட்டியும் உங்க புள்ள இளைச்சுக்கிட்டே போகுதே?"

"மாமியார் வீட்டுச் சாப்பாடு," என்றார் எதிர்வீட்டம்மா.

அடுத்த வருஷத்து மழையும் வந்து போனது. அதன்பிறகு எதிர்வீட்டம்மா மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூருக்குப் போனார். "குழந்தைக்குக் கழுத்து நின்னதும் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனாலும் காலையில் கோலம் போடும்போது எதிர் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தராசில் மரத்துண்டு அதே தக்காளியில் வந்து நின்றது. அடுத்த தடவையும் அதே. "காய்ஞ்சிருச்சு," என்றார் வீட்டுக்காரர். "இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டுமுங்க," என்றேன். "எதுக்கு?" என்றார். மனசுக்குள் ஒரு பயம்: மக்கள் வந்ததெல்லாம் இந்த அடுக்கைப் பார்க்க. அடுக்கைப் பிரித்துவிட்டால்?

பிரித்தோம். உச்சிப் பலகை ஒன்று முறுக்கியிருந்தது, இன்னொன்றில் ஒரு வெடிப்பு. மற்றவையெல்லாம் கட்டுக்குலையாமல் இருந்தன. தட்டினால் 'ணங்' என்றது. மில்லில் இழைத்துக் கொண்டுவந்து, வீட்டுக்காரர் ஃபேக்டரிக்காரராகவே வேலை செய்தார். ஆணிக்குப் பதிலாகப் போல்ட்டும் நட்டும், வாஷரும்கூட. முறுக்கியது குறுக்குச் சட்டமானது. நீளமான, அசையாத பெஞ்சு. கேட்டுக்கு வெளியே தெருவைப் பார்த்துப் போட்டோம். மார்கழி வெயில் அதன்மேல் வந்து படுத்துக்கொண்டது.

ஒருவரும் உட்காரவில்லை.

அடுக்காகக் கிடந்தபோது கையை விட்டார்கள், சாய்ந்தார்கள், காதை வைத்தார்கள். பெஞ்சாக ஆனதும் எல்லாரும் விருந்தாளிகளாகிவிட்டார்கள். "ச்சென்னாகிதே, ச்சென்னாகிதே," நன்றாக இருக்கிறது என்று தூர நின்றே சொன்னார்கள். உட்காருங்கள் என்றால், "பரவாயில்லெ, பரவாயில்லெ." ஒரு பெண் உண்மையைச் சொன்னாள்: "உங்க வீட்டு பெஞ்சுல தெருவில உக்காந்தா பார்க்கறவங்க என்ன நெனைப்பாங்க?" நான் மட்டும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஷிப்டு முடிந்து வந்த வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தி, "பஸ்ஸு வருமா?" என்றார்.

"வருமுங்க," என்றேன். அவரும் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அது அவரைக்காய்க் காலம். மைசூரில் அப்போது வீட்டுக்கு வீடு அவரை வாசனைதான். தள்ளுவண்டிக்காரர் ஒரு குவியலைச் சல்லிசாகக் கொட்டிவிட்டுப் போக, நானும் ஆசையில் வாங்கி உரித்து ஊறப்போட்டுவிட்டேன். ஊறிய அவரையை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிதுக்கித் தோலை நீக்க வேண்டும். பிதுக்கம்பருப்புக் குழம்பு ருசிதான். ஆனால் தனி ஆளாகப் பிதுக்கினால் குழம்பு கொதிக்கும்போது நாமும் சாய்ந்துவிடுவோம். பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. எதிர்வீட்டம்மா, பைகளோடு இறங்கினார்.

கேட்டை ஆட்டிப் பார்த்தார். பூட்டு. பென்ஷன்காரர் நடக்கப் போயிருந்தார்.

"நாளைக்கு வரேன்னு சொல்லியிருந்தேன், இன்னிக்கே வந்துட்டேன். சாவி அவர்கிட்ட இருக்கு. கால் என்னமாக் கடுக்கறது தெரியுமா," என்று தெருவைத் தாண்டி வந்து, பைகளைக் கீழே போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. பாத்திரத்தை இழுத்து மடியருகே வைத்துக்கொண்டார். விரல்கள் தாமாகவே பிதுக்கத் தொடங்கின. "பொண்ணு. தலை நிறைய முடி. அழுதா மூணாவது தெருவுக்குக் கேக்கும்."

இரண்டு வீடு தள்ளி இருந்த பெண் குரல் கேட்டு எட்டிப் பார்த்தாள். "மகூ ஹேகிதெ?" குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டபடியே வந்தாள். பதில் நீளமாக இருந்தது. நின்றுகொண்டே கேட்டவளின் கை, அவளை அறியாமல், பாத்திரத்துக்குள் போயிற்று. குனிந்து குனிந்து எடுக்க முடியாமல் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் அக்கா. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாளே, அந்தப் பெண்ணும் ஒரு முறத்தோடு வந்தாள். தோலைப் போட ஏதாவது வேண்டாமா என்று அவளாகவே ஒரு காரணம் சொன்னாள். பருப்பு பச்சையும் வெள்ளையுமாகத் தட்டில் குவிந்தது. நாலு பக்கமும் ஒரே சமயத்தில் பேச்சு, கன்னடமும் தமிழும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி.

பென்ஷன்காரர் சாவியோடு வந்து சேர்ந்தார். மனைவியைப் பார்த்துத் திகைத்து, சாவியை ஆட்டிக் காட்டினார். "இருங்கோ, இது முடியட்டும்," என்றார் அந்த அம்மா. மனிதர் சிறிது நேரம் தவித்துவிட்டு, பெஞ்சின் கடைசி மூலையில் குல்லாயைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். யாரோ அவர் கையிலும் ஒரு பிடி அவரையைக் கொடுத்தார்கள்.

காப்பி போடலாமென்று நான் உள்ளே போனேன். பாலைக் காய்ச்சி, டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து பார்த்தால் பெஞ்சில் எனக்கு இடம் இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஆள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் யாருடைய மடியோ. ஒருவரும் நகர்ந்து இடம் விடவும் இல்லை. பேச்சு அப்படி ஒரு கட்டத்தில் இருந்தது. எதிர்வீட்டம்மாவின் சம்பந்தி பெங்களூரில் எதற்கோ கோபித்துக்கொண்டு தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாராம்.

காப்பியைக் கொடுத்து முடித்தேன். கேட்டில் சாய்ந்து நின்று, ஒரு கைப்பிடி அவரையை அள்ளிக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றேன்.